விமானப் புறப்பாட்டுக் கணிப்பு மென்பொருள்: திரை வடிவமைப்பு குறித்த ஒரு திறனாய்வு

விமானப் புறப்பாட்டுக் கணிப்பு மென்பொருள் என்பது, ஒரு விமானம் குறிப்பிட்ட ஓடுபாதையிலிருந்து பாதுகாப்பாக மேலெழும்ப எவ்வளவு உந்துவிசை வேண்டும், எந்த வேகத்தில் மூக்கை உயர்த்த வேண்டும் என்பவற்றைக் கணக்கிட்டுத் தரும் செயலி ஆகும். விமான நிறுவனங்கள் அன்றாட இயக்கத்துக்குப் பயன்படுத்தும் மென்பொருள்கள் பல. பணியாளர் அட்டவணை, பறப்புத் திட்டம், பயணிகள் பதிவு, எடையேற்றத் தாள் எனப்படும் லோட் ஷீட் தயாரிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி மென்பொருள்கள் உண்டு. அவற்றின் விளைவெல்லாம் இறுதியில் வந்து சேரும் இடம் விமானியின் மடியில் இருக்கும் இந்தச் சிறு திரைதான்.

இம்மென்பொருள்களின் கணிதத்தில் குறை கண்டவர் அரிது. கொடுத்த எண்ணுக்கு அவை சரியான விடையே தருகின்றன. குறை திரையில் உள்ளது. ஓர் எண் எங்கிருந்து வந்தது, யார் இட்டது, எப்போது மாறியது என்பதைத் திரை சொல்வதில்லை. இக்குறை எவ்வளவு பெரியது என்பதை 2004, 2009, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று நாடுகளில் நடந்த நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கணக்கின் தன்மை

முன்பு இக்கணக்கு அச்சிட்ட அட்டவணைகளைக் கொண்டு செய்யப்பட்டது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் தனி ஏடு இருக்கும். எடை ஒரு பக்கம், வெப்பநிலை ஒரு பக்கம் என்று விரலை ஓட்டி, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் விடையைப் படிப்பர். இந்த ஏடுகளும் வரைபடங்களும் அடங்கிய பை ஏறத்தாழ 16 கிலோ கனக்கும். பின்னர் மடிக்கணினியும் அதன்பின் கையடக்கக் கணினியும் அந்தப் பையின் இடத்தைப் பிடித்தன. எலெக்ட்ரானிக் ஃப்ளைட் பேக் என்று அவற்றுக்குப் பெயர் வந்ததன் காரணமும் இதுவே.

அட்டவணையில் விரலை ஓட்டுவதில் ஒரு நன்மை இருந்தது. 360 டன் வரிசையைத் தேடுகிறவர் கண்ணில் 350, 340, 330 ஆகிய வரிசைகளும் படும். தம் விமானம் அந்தத் தாளின் எந்த மூலையில் நிற்கிறது, கனமான விமானமா இலேசான விமானமா என்பது கேட்காமலே தெரிந்துவிடும். கணினித் திரையில் இருப்பது ஒரு வெற்றுக் கட்டம் மட்டும். அதில் 362.9 என்று இட்டாலும் 262.9 என்று இட்டாலும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை.

பெரிய விமானங்கள் புறப்படும்போது பெரும்பாலும் முழு உந்துவிசையைப் பயன்படுத்துவதில்லை. இயந்திரத் தேய்மானத்தைக் குறைப்பதற்காக, தேவையான அளவு மட்டுமே பயன்படுத்தப்படுகிறது. வெளியில் இருப்பதைவிட அதிகமான ஒரு வெப்பநிலையை இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினிக்குக் கொடுத்து, அந்த வெப்பத்தில் இயந்திரம் தரக்கூடிய குறைந்த விசையைப் பெறுவது வழக்கம். ஆகவே எடையைக் குறைத்து இட்டுவிட்டால் இரண்டு தவறுகள் ஒருசேர நிகழும். உந்துவிசை குறையும், மூக்கை உயர்த்த வேண்டிய வேகமும் குறையும். மெதுவாக ஓடும் விமானத்தை, அது பறக்கத் தயாராகும் முன்பே தூக்க முயல்வதாகும் இது.

ஹாலிஃபாக்ஸ், 2004

எம்.கே. ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம், 2004 அக்டோபர் 14 அதிகாலை, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்திலிருந்து ஸ்பெயின் நாட்டின் சரகோசாவுக்குப் புறப்பட்டது. அதற்கு முன் அமெரிக்காவின் பிராட்லி விமான நிலையத்தில் புல்வெட்டும் டிராக்டர்களை ஏற்றி வந்திருந்தது. ஹாலிஃபாக்ஸில் கடலுணவும் எரிபொருளும் ஏற்றப்பட்டன. ஓடுபாதையில் வால் தரையில் உரசியது. பாதை முடிந்த பிறகே விமானம் சற்று எழும்பியது. அப்பால் இருந்த, அலைக்கம்பங்களைத் தாங்கிய மண் மேட்டில் மோதி வால் பகுதி பிரிந்தது. விமானத்திலிருந்த 7 பேரும் இறந்தனர்.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நடத்திய விசாரணையில், விமானத்தின் உண்மையான எடை ஏறத்தாழ 353 டன் என்றும், கணக்கில் பயன்பட்டது முந்தைய பிராட்லி புறப்பாட்டின் எடையான 240 டன்னாக இருக்கலாம் என்றும் தெரியவந்தது. விமானி அறைப் பேச்சுப் பதிவு தீயில் அழிந்துவிட்டதால் "இருக்கலாம்" என்ற சொல்லை வாரியத்தால் தவிர்க்க முடியவில்லை. ஆயினும் முந்தைய எடை எப்படி வந்திருக்கும் என்பதற்கு அவர்கள் பயன்படுத்திய போயிங் லேப்டாப் டூல் என்ற மென்பொருளிலேயே ஒரு வழி இருந்தது.

அம்மென்பொருளில் புறப்பாட்டுக் கணிப்புக்கு ஒரு பக்கமும், எடை மற்றும் சமநிலைக்கு வேறொரு பக்கமும் இருந்தன. கணிப்புப் பக்கத்தில் புதிய எடையை இட்டுவிட்டு, ஏதோ ஒன்றைப் பார்ப்பதற்காக எடைப் பக்கத்துக்குப் போய்த் திரும்பினால், எடைப் பக்கத்தில் கிடந்த பழைய எண் கணிப்புப் பக்கத்துக்கு வந்து, புதிதாக இட்ட எண்ணை அழித்துவிடும். அப்படி மாறிவிட்டதாக எந்த அறிவிப்பும் வராது. நிறம் மாறாது, ஒலி எழாது, கேள்வி கேட்காது.

இதை உருவாக்கியவர்களின் எண்ணம் விளங்காமல் இல்லை. ஒரே எடையை இரண்டு பக்கங்களில் இரண்டு முறை தட்டச்சு செய்வது வீண்வேலை, ஆகவே ஒரு பக்கத்தின் விடை மற்றதற்குத் தானாகப் போகட்டும் என்பது நல்ல நோக்கமே. இரண்டு பக்கங்களும் ஒரே பயணத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் அது உதவி. ஒன்று நேற்றைய பயணத்தையும் மற்றது இன்றைய பயணத்தையும் சேர்ந்திருந்தால் அதுவே ஆபத்து. எந்தப் பயணம் என்ற கேள்வியை மென்பொருள் கேட்கவே இல்லை. பழைய ஆண்டின் தேதி மாறாத படிவத்தில் புதிய மாணவரின் பெயரை எழுதிக் கொடுத்தது போன்ற வேலை இது.

திரையை மட்டும் குற்றம் சொல்வதும் நேர்மையாகாது. அந்த விமானிகள் அப்போது ஏறத்தாழ 19 மணி நேரம் தொடர்ந்து பணியில் இருந்தனர். மென்பொருளைப் பற்றி அவர்களுக்கு முறையான பயிற்சியும் தேர்வும் நடத்தப்படவில்லை. கணக்கைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்ற நிறுவன விதியும் பின்பற்றப்படவில்லை. இவை நிருவாகத்தின் பொறுப்பு. ஆனால் களைத்த மனிதருக்கு உதவத்தான் கருவி. விழிப்போடிருப்பவர் மட்டுமே பிழையின்றிப் பயன்படுத்தக்கூடிய திரை, அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடுகிறது.

மெல்போர்ன், 2009

2009 மார்ச் 20 இரவு, எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ340-500 விமானம் மெல்போர்னிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டது. பயணிகளும் பணியாளர்களுமாக 275 பேர் இருந்தனர். எடை 362.9 டன். மடிக்கணினியில் இடப்பட்டது 262.9.

ஒரே ஓர் இலக்கம்தான் மாறியது. மதிப்பெண் பட்டியலில் 93ஐ 39 என்று எழுதாத ஆசிரியர் இருக்க முடியாது. ஆனால் அங்கே ஒரு மாணவர் வந்து கேட்பார், திருத்தப்படும். இங்கே கேட்பதற்கு யாரும் இல்லை. மூக்கை உயர்த்த வேண்டிய வேகம் 161 நாட் என்றிருக்க வேண்டியது 145 ஆனது. உந்துவிசையைக் குறைப்பதற்கான வெப்பநிலை 43 பாகை என்றிருக்க வேண்டியது 74 ஆனது. வால் ஓடுபாதையில் உரசியது. விமானி முழு உந்துவிசையைக் கொடுத்த பிறகே விமானம் மேலேறியது. பாதை முடிவில் இருந்த விளக்கையும் அப்பால் இருந்த அலைக்கம்பத்தையும் மோதிக்கொண்டு போனது. பின்னர் எரிபொருளைக் கடல்மேல் வெளியேற்றிவிட்டுத் திரும்பி வந்து இறங்கியது. எவருக்கும் காயமில்லை.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை அறிக்கையில் இடைமுக வடிவமைப்பு பயில்வோர் படிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. எடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டத்தில், துணை விமானி தாளில் இருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார். முதலில் 326.9 என்றார். உடனே திருத்திக்கொண்டு 362.9 என்றார். தாளில் இருந்ததோ 262.9. தவறான எண் கண்ணெதிரே இருந்தது, நாக்கு தடுமாறவும் செய்தது. ஆனால் சரியான எடை மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்ததால், கண் அதையே படித்துத் தந்தது. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது எளிது. அச்சுப்படி திருத்துகிறவர்கள் அறிவார்கள், தாமே எழுதியதில் பிழை காண்பது எத்தனை கடினம் என்பதை.

இன்னொரு செய்தியும் அறிக்கையில் உண்டு. எடை குறைவாகக் கணக்கிடப்பட்ட விமானம் மந்தமாக ஓடுவதை விமானிகள் ஏன் உணரவில்லை? அவர்கள் பல வகை ஏர்பஸ் விமானங்களை மாறி மாறி ஓட்டியவர்கள். முந்தைய இரண்டு மாதங்களில் 150 டன் முதல் 370 டன் வரையான எடைகளை விமானி பார்த்திருந்தார். உந்துவிசையும் ஒவ்வொரு முறையும் வேறுவேறு. ஆகவே எது இயல்பான வேகவளர்ச்சி என்பதற்கு உடம்பில் ஓர் அளவுகோல் உருவாக வாய்ப்பே இல்லை. 262.9 டன் என்பதும் அந்த வகை விமானத்துக்கு நடக்கக்கூடிய எடைதான். எனவே வரம்பு மீறிய எண்ணை மறுக்கும் எளிய சோதனையும் இதைப் பிடித்திருக்காது.

பிடிக்கக்கூடிய ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விமானத்தின் பறப்பு மேலாண்மைக் கணினியில் 361.9 டன் என்ற சரியான எடை இருந்தது. கடைசி நேர மாற்றங்களுக்காக ஒரு டன்னைக் கூட்டித்தான் 362.9 வந்தது. ஒரே விமானி அறையில் இரண்டு கணினிகள், ஒன்றுக்குத் தெரிந்த எடை மற்றொன்றைவிட 99 டன் அதிகம். இரண்டையும் இணைத்து "ஏன் இந்த வேறுபாடு?" என்று கேட்கும்படி யாரும் அமைக்கவில்லை. அந்த ஒப்பீட்டை மனிதர்களிடம், புறப்படும் அவசரத்தில், வானொலிக் கட்டளைகளுக்கு நடுவில் ஒப்படைத்திருந்தார்கள்.

பர்மிங்காம், 2020

மேற்கண்ட இரண்டிலும் கை தவறியது எனலாம். மூன்றாவதில் அந்தச் சமாதானமும் இல்லை.

2020 ஜூலை 21 அன்று, இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் பால்மா தீவு நகரத்துக்கு டூயி நிறுவனத்தின் போயிங் 737 விமானம் புறப்பட்டது. எடையேற்றத் தாளில் குழந்தைகள் எண்ணிக்கை 65 என்றிருந்தது. பறப்புத் திட்டத்தில் 29 மட்டுமே. காரணம், புதுப்பிக்கப்பட்ட பயணிகள் பதிவு மென்பொருள் "மிஸ்" என்று பதிவு செய்த பெண்களையெல்லாம் குழந்தைகள் என்று எண்ணிக்கொண்டதுதான். அந்த மென்பொருளுக்கான நிரல் எழுதப்பட்ட நாட்டில் "மிஸ்" என்பது சிறுமியைக் குறிக்கும் சொல். இங்கிலாந்தில் அது வயது வந்த, மணமாகாத பெண்ணையும் குறிக்கும். (தமிழில் "செல்வி" என்ற சொல்லும் இப்படித்தான். பள்ளிச் சிறுமியும் செல்வி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியையும் செல்வி.)

ஒரு பெண்ணுக்குக் கணக்கில் கொள்ளும் எடை 69 கிலோ, குழந்தைக்கு 35 கிலோ. 38 பெண்கள் குழந்தைகளாகிவிட்டதால், தாளில் கண்ட எடை உண்மையைவிட 1,244 கிலோ குறைந்தது. அன்று அந்நிறுவனத்தின் மூன்று விமானங்கள் இப்படித் தவறான தாள்களோடு புறப்பட்டன. வேறுபாடு சிறிது என்பதால் ஆபத்து நேரவில்லை.

இப்பிழை அதற்குச் சில நாட்கள் முன்பே தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணியாளர்கள் பதிவுகளைப் பார்த்து "மிஸ்" என்பதைக் கையால் "மிஸ்ஸ்" அல்லது வேறு அடைமொழியாக மாற்றி வந்தனர். மென்பொருளின் தவறான அனுமானத்தை மனிதர் ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அது நழுவியது.

இங்கே எவரும் எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்யவில்லை. விமானி தமக்கு வந்த தாளில் உள்ளதைச் சரியாகவே எடுத்துக்கொண்டார். தாளில் இருந்தது "65" என்ற முடிவு மட்டும். அது எந்த விதியால் பெறப்பட்டது என்பதற்கான தடயம் அதில் இல்லை. தட்டச்சை ஒழித்து எல்லாவற்றையும் கணினிக்குக் கணினி அனுப்பிவிட்டால் பிழை தீர்ந்துவிடும் என்று வாதிடுவோருக்கு இந்நிகழ்வே பதில். இடையில் மனிதர் இல்லாவிட்டால், ஐயப்படுவதற்கும் ஒருவர் இல்லை.

"மனிதப் பிழை" என்ற தீர்ப்பு

இத்தகைய நிகழ்வுகளைச் செய்திகள் "விமானியின் தவறு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவதுண்டு. 1989 முதல் 2009 வரையான காலத்தை ஆராய்ந்த ஆஸ்திரேலிய அமைப்பு, புறப்பாட்டுக் கணக்கிலும் எண் இடுவதிலும் நேர்ந்த பிழைகளாக உள்நாட்டில் 11, வெளிநாடுகளில் 20 நிகழ்வுகளைத் தொகுத்துக் காட்டியது. வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு விமானங்கள், நன்கு பயின்ற விமானிகள். இத்தனை பேரும் ஒரே இடத்தில் இடறினால், இடறியவர்களை விட்டுவிட்டுப் படிக்கட்டைப் பார்ப்பதுதான் முறை.

இருவர் சரிபார்க்க வேண்டும் என்பது விமானத்துறையின் பழைய பாதுகாப்பு விதி. அதன் வலிமை, இருவரும் தனித்தனி மூலங்களிலிருந்து விடைக்கு வருவதில் இருக்கிறது. ஒருவர் எண்ணை இட்டு விடை பெற்று, அதே கணினியை மற்றவரிடம் நீட்டினால், இரண்டாமவர் பார்ப்பது ஒழுங்கான, முழுமையான, எந்தச் சிவப்புக் குறியும் இல்லாத ஒரு பக்கத்தை. முடிந்துபோன வேலை போல அது தோன்றுகிறது. இரண்டு கண்கள் நான்காகின்றன, பார்க்கும் மூலம் என்னவோ ஒன்றுதான்.

இதற்கு மறுவாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும் கூட. எண் மாறும்போதெல்லாம் எச்சரிக்கை வந்தால் பயனர் அதைப் படிக்காமலே தள்ளிவிடப் பழகிவிடுவார். வங்கிச் செயலிகளில் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை எத்தனை பேர் படித்துவிட்டு அழுத்துகிறார்கள்? ஆகவே எச்சரிக்கைகளைப் பெருக்குவது தீர்வாகாது. மாறாக, எண்ணுக்குப் பக்கத்திலேயே அதன் பிறப்பைச் சிறிய எழுத்தில் நிரந்தரமாகக் காட்டலாம். "240 டன், பிராட்லி, முந்தைய பயணம்" என்று ஹாலிஃபாக்ஸ் திரையில் ஒரு வரி இருந்திருந்தால், அது எச்சரிக்கையே அல்ல, வெறும் தகவல். களைத்த கண்ணும் ஊர்ப்பெயரைப் படித்துவிடும். எண்ணைவிடப் பெயர் எளிதில் கண்ணில் படும் என்பதை வடிவமைப்பாளர்கள் இன்னும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை.

பின்னர் வந்த மாற்றங்கள்

தற்போது இரு விமானிகளுக்கும் தனித்தனிக் கையடக்கக் கணினி கொடுத்து, தனித்தனியே கணக்கிட்டு விடைகளை ஒப்பிடச் செய்யும் முறை பரவியுள்ளது. மெல்போர்ன் வகைப் பிழைக்கு இது நல்ல தடுப்பு. எடையேற்றத் தாளே தவறாக இருக்குமாயின் இரு விமானிகளும் ஒரே தவறான விடைக்கு வந்து, விடைகள் ஒத்துப்போவது கண்டு மகிழ்வார்கள்.

ஹாலிஃபாக்ஸ் விபத்து குறித்த 2006ஆம் ஆண்டு அறிக்கையில் கனடா வாரியம், ஓடுபாதையில் விமானம் போதிய வேகத்தில் முன்னேறுகிறதா என்று தானே கண்காணிக்கும் கருவி வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏர்பஸ் நிறுவனம் இரு வகையான தடுப்புகளைக் கொண்டுவந்தது. ஒன்று, புறப்படும் முன்பே சோதிப்பது. விமானி இட்ட வேகங்கள் விமானத்தின் எடைக்கு மிகக் குறைவா, ஓடுபாதை நீளம் போதுமா என்று பறப்பு மேலாண்மைக் கணினி பார்த்துச் செய்தி தரும். கணினியில் சரியான எடையும் வேகங்கள் மட்டும் தவறாகவும் இருக்கும்போது, அதாவது மெல்போர்னில் நேர்ந்தது போன்ற நிலையில், பயன்படக்கூடியது இது.

மற்றொன்று ஏ350 விமானத்தில் உள்ளது. ஓடுபாதையில் வேகம் 90 நாட் ஆகும்போது, எதிர்பார்த்த வேகவளர்ச்சியோடு உண்மையானதை ஒப்பிட்டு, 15 விழுக்காடு குறைந்தால் எச்சரிக்கும். கணினியில் இடப்பட்ட எடையே தவறு என்றாலும் இது பிடிக்கும். விமானத்தின் கனத்தைத் திரை மறைத்தாலும் ஓட்டம் மறைக்காது. 353 டன்னை 240 என்று எண்ணிப் புறப்படும் விமானம் இந்தச் சோதனையைத் தாண்டிப் போக முடியாது. 38 பெண்களைக் குழந்தைகளாக எண்ணிய விமானமோ தாண்டிப் போய்விடும். மொத்த எடையில் அது ஏறத்தாழ 2 விழுக்காடுதான். அதைப் பிடிக்க வேண்டிய இடம் ஓடுபாதையில் இல்லை, பயணியின் பெயரைப் பதிவு செய்யும் படிவத்தில் இருக்கிறது. வயதைக் கேட்காமல் அடைமொழியைக் கொண்டு வயதை ஊகித்த படிவம் அது.